பகல் ஒன்று பத்துக்குப் பேர் பதிய வந்தவன்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது, கண்ணுகளா? நான் பார்த்தது பட்டப்பகலில். மணி ஒன்று பத்து. 1975 ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. தேதியும் நேரமும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும், கனவு கண்டிருப்பாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இதில் ஒரு வரிகூட நான் கட்டியது இல்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரர் டாக்டர் அனந்தகிருஷ்ணன். வளைகுடாவில், ராசல்கைமா மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி. மலையை வெடி வைத்து உடைத்து, கல்லாகவும் தூளாகவும் துறைமுக வேலைக்கு அனுப்புவார்கள். அந்தக் குவாரி கேம்ப்பில் முந்நூறு பேருக்கு இவர் ஒருவர்தான் டாக்டர். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். வழியில் ரோடு பாதி, மணல் பாதி.

டாக்டர் வேலை மட்டும் பார்த்தார் என்று நினைக்காதீர்கள். பல் பிடுங்குவார். கண்ணில் தெறித்த கல்லை எடுப்பார். தேள் கடிக்கும் அவர்தான், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதற்கும் அவர்தான். காய்ச்சல் இல்லாமலும் சிலர் வருவார்கள். "நெஞ்சு என்னமோ பண்ணுதுங்கய்யா" என்பார்கள். இவர் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். வைத்ததும் பொலபொலவென்று அழுதுவிடுவார்கள். நெஞ்சில் ஒன்றும் இருக்காது. இரண்டு வருஷமாக யாரும் தொடாத உடம்பு, அவ்வளவுதான்.

கம்பவுண்டர் பாதியில் ஊருக்குப் போய்விட்டதால் நோயாளிப் பதிவேடு என் கைக்கு வந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தேதியும் நேரமும் ஓரத்தில் குறித்து, பேர், வயது, ஊர், தொந்தரவு என்று நாலு கட்டம் போட்டுத் தமிழில் எழுதுவேன். "ஆஸ்பத்திரி நோட்டா, கோலநோட்டா ஜெயா இது?" என்று இவர் கேலி செய்வார். ஆனால் அந்த நோட்டைப் பார்க்காமல் ஒரு ஊசி போட மாட்டார்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, புதன்கிழமை, குவாரியில் ஒரு விபத்து. கல்தூள் மேடு சரிந்து ஒருவன் அடியில் மாட்டிக்கொண்டான். இவர் ஓடினார். தோண்டி எடுக்க எடுக்கத் தூள் சரிந்துகொண்டே இருந்ததாம். உயிர் போய்விட்டது. சட்டைப்பையில் இருந்த பத்தாக்காவில், அதாவது கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில், முனியசாமி என்று இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம். முனியசாமி என்ற பேருக்கு இவர் இறப்புச் சர்டிபிகேட் எழுதினார். ஊருக்குத் தந்தி போனது. உடலைத் துபாய்க்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "வெயில்" என்பார்.

வெயில்தான் என்று நானும் நம்பினேன்.

சரி, பதினேழாம் தேதிக்கு வருகிறேன்.

கோடையில் குவாரி வேலை காலை ஐந்துக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு முடியும். பன்னிரண்டரைக்கு மூன்று முறை சைரன். பிறகு வெடி. பிறகு வெயில் தாழும் வரை மலையில் ஒரு காக்கா இருக்காது. அன்று இவர் கால் நசுங்கிய ஒரு டிரைவரை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். எங்கள் வீடு ஒரு தகரக் கேபின். முன் அறை டிஸ்பென்சரி. பின் அறையில் நாங்கள். நான் தனியாக இருந்தேன்.

மணி ஒன்று. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். தினமும் ஒரு மணி நேரம் அது ஆற வேண்டும். ஏசி ஒரு முறை குலுங்கி அடங்கியது. அதற்கப்புறம் வந்த நிசப்தத்தில் என் காதுக்குள் ரத்தம் ஓடுவதே கேட்டது.

ஒன்று பத்து.

வாசலில் ஒரு இருமல்.

ஈரமே இல்லாத இருமல். காய்ந்த ஓலையைக் கிழித்த மாதிரி... க்ஹக்... க்ஹக்...

கதவைத் திறந்தேன். இரும்புப் படியில் ஒருவன் நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும். தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கல்தூள். குவாரியில் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள், அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவன் காலில் செருப்பு இல்லை. அந்த நேரத்தில் அந்தப் படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று பொரியும். அவன் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"கால் சுடலையாப்பா? உள்ள வா."

"நீங்க கூப்புட்டாத்தாம்மா வர முடியும்."

மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டாக்டர் இல்லையே. சாயங்காலம் ஆகுமே."

"அய்யா இல்லைன்னு தெரியும்மா. உங்ககிட்டத்தான் வந்தேன்."

"எங்கிட்டயா? நான் ஊசி போட மாட்டேன்பா, பயப்படாதே" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான். வாயில் வைத்தான். தொண்டை ஏறி இறங்கியது. தம்ளரைத் திரும்பக் கொடுத்தான்.

தண்ணீர் நான் கொடுத்த அளவிலேயே இருந்தது.

நெற்றியைப் பார்த்தேன். என் முதுகில் வேர்வை ஆறாக ஓடுகிறது. அவன் முகத்தில் ஒரு பொட்டு இல்லை. வெயில் தாக்கியிருக்கிறது, வேர்வை நின்றால் ஆபத்து என்று இவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆகவே தெர்மாமீட்டரை எடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீர் பிளாஸ்க்கில்தான் போட்டு வைப்போம். வெளியே வைத்தால் அறையின் சூட்டுக்கே பாதரசம் தானாக உச்சிக்கு ஏறிவிடும். பிளாஸ்க்கிலிருந்து எடுத்து, உதறி, அவன் நாக்குக்கு அடியில் வைத்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம்.

எடுத்தேன்.

பாதரசம் ஏறவில்லை. கொஞ்சம்கூட.

ரிப்பேர் ஆகிவிட்டது போல என்று மேஜையில் வைத்தேன். வைத்த மறு நிமிஷம்... என் கண் முன்னால்... பாதரசம் விறுவிறுவென்று மேலே ஏறியது.

மேஜையின் சூடுகூட அவன் வாயில் இல்லை.

"பேரு எழுதுங்கம்மா" என்றான்.

என் கை தானாகப் பேனாவை எடுத்தது.

"சொல்லு."

"கார்மேகம்."

எழுதினேன்.

"வயசு?"

"இருபத்தொம்போது."

"ஊரு?"

"முதுகுளத்தூர்ப் பக்கம். பொஞ்சாதி பேரு நாகவள்ளி. அதையும் எழுதுங்கம்மா."

"அதெல்லாம் இதுல எழுதறதில்லப்பா..."

"எழுதுங்கம்மா."

எழுதினேன்.

"தொந்தரவு என்ன?"

"மூச்சு விட முடியல. வாயில மண்ணு."

எழுதினேன்.

"படிச்சுக் காட்டுங்கம்மா."

படித்தேன். கார்மேகம், இருபத்தொன்பது, முதுகுளத்தூர்ப் பக்கம், மனைவி நாகவள்ளி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தாலாட்டுக் கேட்கிற குழந்தை மாதிரி முகம்.

"இன்னொருக்கா..."

படித்தேன்.

கண் திறந்தான். கண்ணிலிருந்து வழிந்தது... தண்ணீர் இல்லை, பிள்ளைகளா.

தூள்.

சரசரவென்று... கன்னத்தில்... வெள்ளையாக...

என் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"எழுதுறேன்னு அய்யா சொன்னாக. எழுதலம்மா. நாகவள்ளி கடுதாசிக்குக் காத்துக்கிட்டு இருக்கா."

அவ்வளவுதான் கேட்டேன்.

ஏசி குலுங்கிய சத்தத்தில் விழித்தேன். மணி இரண்டு. பெஞ்சு காலி. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. நான் தாழ் போடவில்லை.

தம்ளரைப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை வண்டல்.

இவர் நாலே காலுக்குத் திரும்பினார். நோட்டை மட்டும் நீட்டினேன். படித்தார். அந்தச் சிவந்த முகம் சுண்ணாம்பாக மாறியதை நான் பார்த்தேன்.

"யார் சொன்னா உனக்கு இந்தப் பேரை?"

"அவனே."

"எப்போ?"

"ஒண்ணு பத்துக்கு."

மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னிடம் பதினோரு நாளாக மறைத்ததை அப்போதுதான் சொன்னார்.

அன்று தூளுக்கு வெளியே அவன் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்ததாம். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். அவன், "என் பேரு முனியசாமி இல்லைங்கய்யா. கார்மேகம். அவன் பத்தாக்காவுல வேலை பாக்குறேன். என் பேர எழுதுங்கய்யா, நாகவள்ளிக்குத் தெரியணும்" என்றானாம். இவர், "எழுதறேன்டா, எழுதறேன்" என்றாராம். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அவன் பிடி தளர்ந்ததாம்.

விஷயம் இதுதான். முனியசாமிக்கு அஜ்மானில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. குவாரியில் சொன்னால் விட மாட்டார்கள். அதே சமயம் பக்கத்து ஊர்க்காரன் கார்மேகம், காகிதம் எதுவும் இல்லாமல் லாஞ்சில் வந்து கரையேறி நின்றான். அட்டையை இவனிடம் கொடுத்துவிட்டு முனியசாமி அஜ்மானுக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் போட்டோவா, ஒன்றா? அறையில் இருந்த எட்டுப் பேரும் இவனை முனியசாமி என்றே கூப்பிட்டார்கள். செத்த பிறகும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எட்டுப் பேருக்கும் வேலை போகும்.

"மேனேஜர் அட்டையில இருக்கறதை எழுதுங்கன்னார். எழுதிட்டேன் ஜெயா" என்றார் இவர். "நாற்பது நிமிஷம் கையைப் பிடிச்சிருந்தேன். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகலை."

தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு மேனேஜர் ரகுநாதனின் ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"செத்தவனுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன டாக்டர்?" என்றார் ரகுநாதன்.

"அவனுக்கு ஒண்ணுமில்லை. அவன் பெண்டாட்டிக்கு இருக்கு."

"போலீஸ் வந்தா அந்த எட்டுப் பேரையும் லாஞ்சுல ஏத்திடுவான். எட்டுக் குடும்பம் பட்டினி. அதுக்கும் நீங்கதான் சர்டிபிகேட் எழுதுவீங்களா?"

"போலீஸுக்கு நான் போகலை. இந்தப் பேருக்கு ஒரு சர்டிபிகேட் எழுதி அந்தப் பொண்ணுக்கு அனுப்பப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன்."

"செஞ்சா இன்னிக்கோட கலாஸ். உங்க வேலை முடிஞ்சுது."

"எழுதியே கொண்டுவந்துட்டேன்" என்று இவர் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தார். ஒன்று கார்மேகத்தின் சர்டிபிகேட். மற்றது ராஜினாமா.

நாகவள்ளிக்கு நான்தான் கடிதம் எழுதினேன். அந்த நாற்பது நிமிஷத்தையும் எழுதினேன். தனியாகச் சாகவில்லை அம்மா உன் புருஷன், ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் போனான் என்று எழுதினேன். சர்டிபிகேட்டையும் வைத்து அன்றே தபாலில் சேர்த்தோம்.

அதற்கப்புறம் அந்த இருமலை நான் கேட்கவே இல்லை. இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக உங்களை எழுந்து போகச் சொல்லியிருப்பேன்.

உயிரோடு இருக்கிற முனியசாமிக்கு ஊரில் எழவு விழுந்திருக்கிறதே! அந்த எட்டுப் பேரில் ஒருவன் காதோடு காதாக அஜ்மான் விலாசம் சொன்னான். செவ்வாய்க்கிழமை, பத்தொன்பதாம் தேதி, மூட்டை முடிச்சோடு கேம்ப்பை விட்டோம். வழியில் அஜ்மானில் இறங்கினோம்.

முனியசாமி நல்ல ஆகிருதியான ஆள். தோளில் சாக்கைப் போட்டு ஐஸ் பாளத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தான்.

"நான் செத்துட்டேனா? என்னங்கய்யா, மத்தியான மீன் கொழம்புக்கு இன்னும் மசாலாவே அரைக்கல!"

"ஊருக்குத் தந்தி போயிருக்குப்பா. பத்து நாளுக்கு மேல ஆச்சு."

"என் பொஞ்சாதி சுந்தராம்பாளுக்கா?"

சிரிப்பு நின்றது.

"அப்ப மாப்புள... கார்மேகம்...?"

இவர் தலையசைத்தார். முனியசாமி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நாந்தானய்யா அட்டையக் குடுத்தேன். நாந்தான் போடான்னு அனுப்புனேன். எனக்கு வந்ததய்யா அது... எனக்கு வந்தத அவன் வாங்கிக்கிட்டான்" என்று ஐஸ் பாளத்தில் தலையை முட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே இவர் தன் பேரில், ஐஸ் கம்பெனி விலாசத்தோடு தந்தி கொடுத்தார். "முனியசாமி உயிரோடு நலம். முதல் தந்தி தவறு. சடங்கை நிறுத்தவும்." முனியசாமி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டான். பதினாறாம் நாள் காரியம் வியாழக்கிழமை வருகிறது, அதற்குள் போய்விட வேண்டும் என்று விரலால் எண்ணினான். "போயிரும்பா" என்றேன். நாங்கள் துபாய் போய் ஒரு சிநேகிதர் வீட்டில் கப்பலுக்குக் காத்திருந்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"டாக்டர் சார்... முனியசாமியண்ணன்..."

காலையில் நன்றாக இருந்திருக்கிறான். பத்தரைக்கு டீ குடித்திருக்கிறான். திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தானாம். "தூசி... தூசி..." என்றானாம். ஐஸ் கம்பெனியில் ஏது தூசி? தரை, சுவர், கூரை எல்லாம் ஈரம். இரண்டு நிமிஷம். முடிந்துவிட்டது. அப்போது மணி பத்து நாற்பது.

இவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். "மாரடைப்புன்னு எழுதியிருக்காங்க" என்றார். கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். மறுநாள் காலை ஊருக்கு மூன்றாவது தந்தி போனது. அதன் வாசகத்தை நான் கேட்கவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி அதே பையன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். மேலே 'முனியசாமி' என்று எழுதியிருந்தது. ஊரிலிருந்து. சுந்தராம்பாள் யாரையோ கொண்டு எழுதியது. மூன்றாவது தந்தி போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, அந்த வியாழக்கிழமை ராத்திரியே தபாலில் போட்டிருக்கிறாள். "படி" என்றார் இவர். நான் படித்தேன். அந்த வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"அன்புள்ள மச்சானுக்கு. நீங்க உசுரோட இருக்கிற சேதி கெடச்சது. எனக்கு எழுதச் சொல்ல வாய் வரல. இன்னைக்கு உங்களுக்குப் பதினாறாம் நாள். உங்க கல்யாணச் சட்டைய வச்சு ஊரணிக்கரையில காரியம் நடந்துச்சு. என் தாலியில கை வைக்கப் போற நேரம் தபால்காரர் சைக்கிள்ல கத்திக்கிட்டே வந்தாரு. என் தாலி தப்பிச்சது மச்சான். பூ வச்சுக்கிட்டேன். நாலு பேரு நாலு பேச்சுப் பேசுறாக, பேசட்டும்.

"உங்க தம்பி கையில எள்ளும் தண்ணியும் ஏந்திக்கிட்டு நின்னாரு. தந்தியில நிறுத்தச் சொல்லியிருக்குன்னு நான் கத்துனேன். கையில ஏந்தினதக் கீழ போட்டா வம்சத்துக்கு ஆகாது, உசுரோட இருக்கவனுக்கு இது ஒண்ணும் செய்யாது, எறைச்சுட்டு எந்திரின்னு பெரியவுக சொன்னாக. உங்க பேரச் சொல்லி மூணு தடவை எறைச்சுட்டுத்தான் கரையேறுனாரு. பன்னெண்டு மணி பஸ்சு போயிப் பத்து நிமிசம் இருக்கும். நீங்க அதுக்கு ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக. எப்ப வருவீக?"

நான் படித்து முடித்தேன்.

இவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் ஊர் நேரத்துக்கும் அந்த ஊர் நேரத்துக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார்.

ஊரணிக்கரையில் பன்னிரண்டு பத்து என்றால்...

அஜ்மானில் பத்து நாற்பது.